பனி பொழிந்த பாதையில் இருபத்தொருவர்



ஒரு செயலைத் தொடங்குவோர் பலர். அதை முடிப்போர் சிலர். இது நாம் அனைவரும் அறிந்த உண்மை. தொடங்கியவர்களுள் சோம்பேறிகளும் இருப்பர், வலிமை குன்றியோரும் இருப்பர், பாதியில் மனம் மாறியவர்களும் இருப்பர். ஆகவே இதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால், தொடங்கிய ஒவ்வொருவரும் உடல்வலிமையில் தேர்ந்தவராக, அதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவராக இருந்தும், எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் எல்லையைத் தொட்டனர் என்றால், அன்று அங்கே என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

அப்படியொரு நாளை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். அது 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. இடம், ஐரோப்பாவின் பெல்ஜியம் நாடு. நிகழ்ச்சி, ஒரு சைக்கிள் பந்தயம்.

'சைக்கிள் பந்தயத்தில் நாம் கற்க என்ன இருக்கிறது?' என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உறுதி என்பது என்ன, பிடிவாதம் என்பது என்ன, தொடர்வது எப்போது அறிவுடைமை, நிறுத்துவது எப்போது அறிவுடைமை என்னும் கேள்விகள் நம் ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் எழுகின்றன. அவற்றுக்கு அந்தப் பனி பொழிந்த சாலையில் தெளிவான விடைகள் கிடைக்கின்றன.

பந்தயங்களின் மூத்தவள்

பெல்ஜியத்தின் கிழக்கே லியேஜ் என்னும் தொழில்நகரம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே ஆர்டென் என்னும் குன்றுகளும் காடுகளும் நிறைந்த நிலப்பகுதி விரிகிறது. லியேஜிலிருந்து புறப்பட்டு, அக்குன்றுகளின் வழியே பாஸ்டோன் என்னும் சிற்றூர் வரை சென்று, வேறு வழியாக மீண்டும் லியேஜுக்கே திரும்பும் பந்தயம் 1892ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்றளவும் நடைபெற்று வரும் பெரும் ஒருநாள் பந்தயங்களுள் இதுவே பழைமையானது. அதனால் 'மூத்தவள்' என்றே பிரெஞ்சு மொழியில் இதற்குச் செல்லப்பெயர் வழங்கி வருகிறது.

ஆர்டென் குன்றுகள் வானளாவிய மலைகள் அல்ல. நம் நீலகிரியோடு ஒப்பிட்டால் அவை சிறு மேடுகளே. ஆயினும் அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஏறி முடித்து மூச்சு வாங்குவதற்குள் இறக்கம். இறங்கி முடிப்பதற்குள் அடுத்த ஏற்றம். ஒரே பெரிய மலையை ஏறுவோனுக்கு 'இத்துடன் முடிந்தது' என்னும் ஆறுதல் உண்டு. இங்கே அந்த ஆறுதலும் இல்லை. போதாக்குறைக்குக் கடினமான குன்றுகளில் பெரும்பாலானவை பந்தயத்தின் பிற்பகுதியில், கால்கள் சோர்ந்துபோன வேளையில்தான் எதிர்ப்படும்.

1980இல் பந்தயத் தொலைவு 244 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் கடந்து அப்பாலும் செல்லும் தூரம். அதை ஒரே மூச்சில், ஏழு மணி நேரத்தில், குன்றுகள் மீதேறிக் கடக்க வேண்டும். அன்று காலை 174 வீரர்கள் புறப்பட்டனர்.

வெண்மை சூழ்ந்த காலை

ஏப்ரல் என்பது அந்நாட்டில் வசந்தகாலம். மரங்கள் தளிர்க்கும் பருவம். ஆனால் அன்று பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பனி பொழியத் தொடங்கியது. வாடைக்காற்று பனித்துகள்களை வாரி முகத்தில் அறைந்தது. சாலையும் வயலும் ஒன்றாகி எங்கும் வெண்மை சூழ்ந்தது. வீரர்கள் ஒரு கையால் கண்களை மறைத்துக்கொண்டு மறுகையால் வண்டியைச் செலுத்தினர்.

விலகல் தொடங்கியது. முதலில் ஒருவர் இருவர். பிறகு கும்பல் கும்பலாக. அணிகளின் கார்களில் ஏறிக்கொண்டவர்கள் பலர்; சூடான அறைகளை நாடி விடுதிகளுக்குத் திரும்பியவர்கள் பலர். பாஸ்டோன் நகரை அடைவதற்குள், அதாவது பாதி வழிகூட ஆகுமுன்பே, நூறு பேருக்கு மேல் விலகிவிட்டனர். இவர்கள் கோழைகள் அல்லர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இரவு பகல் பயிற்சி செய்தவர்கள். மலைகளை ஏறிப் பழகியவர்கள். அவர்களையே அந்தக் குளிர் விரட்டியது.

பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த பெர்னார் இனோ என்னும் வீரரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 25. உலகின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயமான 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை 1978, 1979 ஆகிய ஈராண்டுகளிலும் வென்று புகழின் உச்சியில் இருந்தவர் அவர். அவர் விலகியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரது புகழில் ஓர் அணுவும் குறைந்திருக்காது.

அவருக்கும் விலகும் எண்ணம் இருந்தது. அவரது அணியில் எஞ்சியிருந்த தோழர் மொரீஸ் லெ கில்லூ. இருவரும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். வீரர்களுக்கு உணவுப்பை வழங்கும் இடம் வீல்சாம் என்னும் ஊரில் இருந்தது. 'அதுவரை செல்வோம். அங்கும் பனி பொழிந்துகொண்டிருந்தால் நிறுத்திவிடுவோம். தணிந்திருந்தால் தொடர்வோம்' என்பதே அந்த உடன்பாடு.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். உலகமே வியந்த ஒரு வீரர், '244 கிலோமீட்டரையும் முடித்தே தீருவேன்' என்று அன்று சூளுரைக்கவில்லை. 'அடுத்த ஊர் வரை' என்றுதான் தம் மனத்திடம் பேசினார். பெருந்துன்பத்தின் நடுவில் முழுத் தொலைவையும் எண்ணிப் பார்ப்பவன் அந்த எண்ணத்தின் பாரத்தாலேயே விழுந்துவிடுவான். அடுத்த ஊரை மட்டும் எண்ணுபவன் நகர்ந்துகொண்டே இருப்பான்.

வீல்சாமை அடைந்தபோது பனிப்பொழிவு தணிந்திருந்தது. அணியின் வழிகாட்டியான சிரில் கிமார் அவர் அருகே காரில் வந்து, மேலே போர்த்தியிருந்த மழையங்கியைக் கழற்றச் சொன்னார். உண்மையான பந்தயம் இனிமேல்தான் தொடங்குகிறது என்று உரைத்தார். பற்கள் நடுங்கிக்கொண்டிருந்த வேளையில் இருக்கும் போர்வையையும் களையச் சொன்ன அந்தச் சொல் இனோவுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆயினும் கழற்றினார். தம் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள ஒரே வழிதான் உண்டு, அது இன்னும் வேகமாக மிதிப்பதே என்று முடிவு செய்தார்.

எல்லைக்கு இன்னும் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் இருக்கையில் அவர் தனித்து முன்னேறினார். பின்னால் வருவோர் யார், எவ்வளவு தொலைவில் வருகின்றனர் என்று அவர் பார்க்கவில்லை. குன்றுகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி லியேஜை அடைந்தார். இரண்டாம் இடம் பெற்ற ஹாலந்து வீரர் ஹென்னி கைப்பர் வந்து சேர்ந்தது 9 நிமிடம் 24 விநாடிகளுக்குப் பின்னர். நொடிக்கணக்கில் வெற்றி தோல்வி முடிவாகும் பந்தயத்தில் இது நம்புதற்கரிய இடைவெளி.

புறப்பட்ட 174 பேரில் எல்லையைக் கடந்தவர்கள் 21 பேர் மட்டுமே.

குளிர் என்னும் பகைவன்

வெயிலோடு வாழும் நாம் குளிரின் கொடுமையை முழுமையாக அறியோம். மார்கழிப் பனிக்கே போர்வை தேடுகிறோம். ஆகவே, குளிர் உடலை எப்படி வீழ்த்துகிறது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள். குளிர் தாக்கியவுடன் உடல் ஒரு சிக்கனக் குடும்பத் தலைவியைப் போல நடந்துகொள்கிறது. இருக்கும் வெப்பத்தை இதயம், நுரையீரல், மூளை முதலிய இன்றியமையாத உறுப்புகளுக்கென ஒதுக்கிக்கொண்டு, கைவிரல், கால்விரல் ஆகியவற்றுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் முதலில் விரல்கள் மரத்துப்போகின்றன. சைக்கிளில் செல்பவனுக்கு விரல் மரத்துப்போவதென்றால் என்ன பொருள்? பிரேக்கைப் பிடிக்க முடியாது என்று பொருள்!

ஈரமும் சேர்ந்துவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும். நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திச் செல்லும். நனைந்த சட்டை உடலைக் காக்கும் ஆடையன்று. வெப்பத்தைத் திருடும் கள்வன். அத்துடன் காற்றும் சேர்கிறது. வெளியே வெப்பநிலை பூச்சியமாக இருக்கும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது பூச்சியத்திற்குக் கீழே 9 டிகிரி போல உறைக்கும். சைக்கிளில் மலையிறங்குபவன் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான்.

இங்கே ஒரு விந்தை இருக்கிறது. மலையேறுவதுதான் கடினம், இறங்குவது எளிது என்று நாம் எண்ணுகிறோம். குளிர்நாளில் அது தலைகீழாகிவிடும். ஏறும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறையக் கால் பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சிய முக்கால் பங்கு வெப்பமாகிறது. அந்த வெப்பமே ஏறுபவனைக் காக்கிறது. உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கியதும் மிதிக்கும் வேலை நின்றுவிடுகிறது; அடுப்பு அணைந்துவிடுகிறது. வியர்வையில் நனைந்த உடல்மீது பனிக்காற்று மோதுகிறது. மலையேறி வென்றவர்கள் இறக்கத்தில் வீழ்வது இதனால்தான்.

குளிருக்கு மது அருந்தினால் இதமாக இருக்கும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அக்காலச் சைக்கிள் வீரர்கள் சிலரும் அவ்வாறே நம்பினர். மருத்துவ உண்மை இதற்கு நேர்மாறானது. மது, தோலிலுள்ள இரத்தக்குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளிருந்த வெப்பம் தோலுக்கு வந்து வெளியேறிவிடுகிறது. சூடு ஏறியது போன்ற உணர்வு மட்டுமே மிச்சம். உண்மையில் உடல் மேலும் குளிர்கிறது. விலக்கப்பட்ட ஒன்று, உதவும் என்று நம்பப்பட்ட இடத்திலும் கேடே செய்கிறது!

எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. குளிர் மிகும்போது அறிவு மழுங்குகிறது. தனக்கு ஆபத்து என்பதையே உணராத நிலைக்கு மனிதன் சென்றுவிடுகிறான். ஆகவேதான் குளிரில் செல்பவன் தன் நிலையைத் தானே மதிப்பிடுவதைவிட, உடன்வரும் தோழன் மதிப்பிடுவதே பாதுகாப்பு.

காவியா கணவாய் கற்பித்த பாடம்

எட்டாண்டுகள் கழித்து, 1988 ஜூன் 5ஆம் நாள், இத்தாலியில் மற்றொரு பனிநாள் வந்தது. மூன்று வாரம் நடைபெறும் 'ஜிரோ டி இத்தாலியா' பந்தயத்தின் ஒருநாள் பகுதி அது. தொலைவு 120 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் காவியா என்னும் கணவாய் இருந்தது. அதன் உயரம் ஏறக்குறைய 2,620 மீட்டர். உதகைக்குச் சென்றவர்கள் தொட்டபெட்டா சிகரத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். அதன் உயரம் 2,637 மீட்டர். ஏறத்தாழ அந்த உச்சி வரை சைக்கிளில் ஏறி, மறுபுறம் 25 கிலோமீட்டர் இறங்க வேண்டும். சில இடங்களில் நூறு மீட்டர் செல்வதற்குள் 16 மீட்டர் உயரும் செங்குத்துப் பாதை. அந்நாளில் அதன் ஒரு பகுதி தார் போடாத மண்சாலை. அன்று பள்ளத்தாக்கில் மழை. மேலே செல்லச் செல்ல அந்த மழையே பனியாக மாறியது.

அமெரிக்காவின் செவன்-லெவன் அணி அன்று செய்த ஒரு செயலை இல்லத்தரசிகள் நன்கு பாராட்டுவீர்கள். காலையில் வானிலையை அறிந்ததும் அணியினர் அங்குள்ள கடைகளுக்கு விரைந்து, பனிச்சறுக்கு விளையாடுவோர் அணியும் கம்பளி ஆடைகளையும் கையுறைகளையும் வாங்கினர். வீரர்களின் உடலில் குளிர் ஊடுருவாதவாறு பிசின் போன்ற கொழுப்புத் தைலத்தைப் பூசினர். உலர்ந்த ஆடைகளைப் பைகளில் கட்டி, உச்சிக்குச் சற்று முன்னதாக ஆட்களை நிறுத்தி வழங்கினர். சூடான தேநீரும் கொடுத்தனர். மலையேறும்போது தேவையில்லாத, இறங்கும்போது உயிர்காக்கும் பொருள்கள் அவை.

அந்த அணியின் வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் உச்சிக்கு அருகில் தலையில் படிந்த பனியைத் தட்டிவிட்டுக் கம்பளித் தொப்பி அணிந்துகொண்டார். இறக்கத்தில் நடுநடுங்கியபடியே போர்மியோ நகரை அடைந்தார். ஹாலந்து வீரர் எரிக் ப்ரோய்கிங்க் அவரை முந்தி 7 விநாடி இடைவெளியில் அன்றைய பகுதியை வென்றார். ஆனால் ஒட்டுமொத்தப் பந்தயத்தில் முதலிடம் ஹாம்ப்ஸ்டனுக்குக் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து, ஜூன் 12இல், அப்பந்தயத்தை வென்ற முதல் அமெரிக்கர் என்னும் சிறப்பைப் பெற்றார்.

அதே நாளின் மற்றொரு காட்சியையும் பாருங்கள். யோகான் வான் டெர் வெல்டெ என்னும் வீரர்தான் அன்று உச்சியை முதலில் அடைந்தவர். அரைக்கைச் சட்டை, தலைக்குத் தொப்பி இல்லை, கைக்கு உறையும் இல்லை. ஏற்றத்தின் வெப்பம் அவரைக் காத்தது. இறங்கத் தொடங்கியதும் உடல் உறைந்துபோயிற்று. மேற்செல்ல இயலாமல் வழியிலே தஞ்சம் புகுந்து குளிர்காய்ந்து, முக்கால் மணி நேரத்திற்கும் மேலாகப் பிந்தி வந்து சேர்ந்தார். உச்சியில் முதல்வராக நின்றவர் இறுதியில் கடைசி வரிசையில் நின்றார்.

இருவருக்கும் வீரம் இருந்தது; இருவருக்கும் வலிமை இருந்தது. ஒருவருக்கு மட்டும் உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே எண்ணியவர்கள் துணை நின்றனர். மகளின் திருமணத்தை முடித்துவிட்டால் போதும் என்று எண்ணிக் கடன்பட்டு, அதன்பின் வரும் இறக்கத்தில் நடுங்குகிற குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் போதும் என்று ஓடி, அதற்குப்பின் நான்காண்டுச் செலவைக் கணக்கிடாத பெற்றோர் எத்தனை பேர்! உச்சியில் அணிய வேண்டிய கம்பளியைப் பள்ளத்தாக்கிலேயே வாங்கியாக வேண்டும்.

நிறுத்தியவரும் அவரே

மீண்டும் இனோவிடம் வருவோம். பனியில் பெற்ற வெற்றிக்கு அவர் விலை கொடுத்தார். அவரது விரல்கள் இரண்டு இயல்புநிலைக்குத் திரும்ப வாரங்கள் ஆயின. பின்னாளிலும் குளிர் வந்தால் அவ்விரல்களில் நோவு எடுத்தது. வெற்றிக்கோப்பை அலமாரியில் இருக்கும். வலி உடலில் இருக்கும். இதையும் சொல்லாமல் விட்டால் இக்கதை முழுமையாகாது.

அதே 1980ஆம் ஆண்டு ஜூலை மாதம். டூர் டி பிரான்ஸ் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. இனோதான் முதலிடத்தில் இருந்தார். முதல்வருக்குரிய மஞ்சள் சட்டை அவர் மேனியில் இருந்தது. ஆனால் முழங்காலில் கடும் வலி. மலைப்பகுதி தொடங்க இருந்த வேளையில், போ என்னும் நகரில், ஓர் இரவில் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டார். முதலிடத்தில் இருந்தவர், பனிக்கு அஞ்சாதவர், முழங்கால் வலிக்காக விலகுவதா என்று ஏளனம் எழுந்தது. அவருக்குப்பின் முதலிடம் பெற்ற யோப் சூட்டமெல்க், மறுநாள் மஞ்சள் சட்டையை அணிய மறுத்தார். விலகியவருக்கு அவர் காட்டிய மரியாதை அது. அந்த ஆண்டின் வெற்றியாளரும் சூட்டமெல்க்கே.

இனோ வீட்டிற்குச் சென்றார், முழங்காலைப் பேணினார், மீண்டும் பயிற்சி செய்தார். ஆகஸ்ட் 31ஆம் நாள் பிரான்சின் சலான்ஷ் நகரில் உலகச் சாம்பியன் பந்தயம் நடைபெற்றது. ஒரே செங்குத்தான மேட்டை இருபது முறை ஏற வேண்டிய கடும் போட்டி. 107 பேர் புறப்பட்டு 15 பேர் மட்டுமே முடித்த அப்பந்தயத்தில் அவரே உலகச் சாம்பியன் ஆனார். அதன்பின் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1981, 1982, 1985 ஆகிய ஆண்டுகளிலும் வென்று ஐந்து முறை வென்றவர் என்னும் நிலையை எய்தினார்.

ஏப்ரலில் தொடர்ந்தவரும் அவரே. ஜூலையில் நிறுத்தியவரும் அவரே. இவற்றுள் எது உறுதி, எது பலவீனம்? இரண்டுமே உறுதிதான் நேயர்களே! மிதித்துக்கொண்டிருந்தால் குளிரை ஓரளவு வெல்லலாம். உழைப்பே அதற்கு மருந்தாகிறது. காயமுற்ற முழங்காலோ மிதிக்க மிதிக்கக் கெடும். உழைப்பே அதற்கு நஞ்சாகிறது. தொடர்ந்தால் தீரும் துன்பம் ஒன்று. தொடர்ந்தால் வளரும் துன்பம் மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவனே உறுதியுடையவன். பிரித்தறியாமல் எல்லாவற்றிலும் தொடர்பவன் பிடிவாதக்காரன். எல்லாவற்றிலும் நிறுத்துபவன் சோர்வுடையவன்.

பந்தய அமைப்பாளர்களும் காலப்போக்கில் இதை உணர்ந்தனர். 2013 மே 24ஆம் நாள் காவியா கணவாய் வழியே செல்லவிருந்த பந்தயப் பகுதியைப் பனியின் காரணமாக முற்றிலும் கைவிட்டனர். 2016 முதல், கடும் வானிலையில் பாதையை மாற்றவோ பந்தயத்தை நிறுத்தவோ வழிசெய்யும் விதிமுறை உலக அளவில் நடைமுறைக்கு வந்தது. வீரர்களின் துணிவு குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. மனித உயிரின் மதிப்பு உணரப்பட்டது என்றே பொருள்.

பரிசில்லாப் பயணிகள்

இவையெல்லாம் தொழில்முறை வீரர்களின் கதை. புகழும் பணமும் அவர்களுக்குத் தூண்டுகோல் என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி, எந்தப் பரிசும் இல்லாமல் இதைச் செய்பவர்களைப் பற்றியும் கேளுங்கள்.

பிரான்சில் பாரிசு நகரப் பகுதியிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பிரெஸ்ட் வரை சென்று திரும்பும் நெடும்பயணம் ஒன்றுண்டு. 1891ஆம் ஆண்டு பந்தயமாகத் தொடங்கியது. இப்போது பொதுமக்களுக்கான பயணமாக நான்காண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. தொலைவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். பெரும்பாலோர்க்குரிய கால எல்லை 90 மணி நேரம். உறங்கும் நேரமும் உண்ணும் நேரமும் அதற்குள்ளேயே அடங்கும். வழியெங்கும் சிறு சிறு குன்றுகள். அவற்றின் ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 10,000 மீட்டரைத் தாண்டும். அதாவது எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைவிட மிகுதி. முதலிடம், இரண்டாமிடம் என்று பரிசு எதுவும் கிடையாது. உரிய காலத்தில் முடித்தவர் அனைவரும் ஒரே நிறை.

2007ஆம் ஆண்டு ஆகஸ்டில் இப்பயணம் நடைபெற்றபோது நாள்கணக்கில் மழையும் எதிர்க்காற்றும் விடாமல் துரத்தின. புறப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பத்துப் பேருக்கு மூவர் என்ற அளவில் முடிக்க இயலாமற் போயிற்று. ஆயினும் மற்றவர்கள் முடித்தனர். அவர்களுள் அறுபது வயதைக் கடந்தவர்கள் உண்டு, பெண்கள் உண்டு, அலுவலகத்தில் விடுப்பு எடுத்து வந்த எளிய மனிதர்கள் உண்டு.

இவர்கள் முடிப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அப்பாதையிலுள்ள சிற்றூர் மக்கள் நள்ளிரவிலும் வீட்டுவாசலில் மேசை போட்டு, முன்பின் அறியாத அந்நியர்களுக்குக் காப்பியும் தண்ணீரும் தின்பண்டங்களும் வழங்குகின்றனர். காசு பெறுவதில்லை. 'ஊருக்குப் போனதும் ஓர் அஞ்சலட்டை அனுப்புங்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. அதுவே அவர்கள் வேண்டும் கைம்மாறு. வழிப்போக்கனை உபசரிப்பதன் சிறப்பை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தக் கிராமத்து மக்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். எவருடைய வெற்றியும் அவருடைய கால்களால் மட்டும் நிகழ்வதில்லை.

இதே முறையிலான நெடும்பயணங்கள் நம் நாட்டிலும், நம் தமிழ்நாட்டிலும் நடைபெற்று வருகின்றன. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என்பது விதி. இளைஞர்கள் பலர் ஆர்வத்துடன் கலந்துகொள்கின்றனர்.

வீட்டிலிருப்போர்க்குச் சில சொற்கள்

உங்கள் மகனோ மகளோ இத்தகைய பயணத்திற்குச் செல்ல விரும்பினால், 'இது என்ன வேண்டாத வேலை' என்று தடுக்காதீர்கள். 'போய் வா' என்று வெறுமனே அனுப்பியும் விடாதீர்கள். வாப்பா வண்டியின் பிரேக்கையும் முன்பின் விளக்குகளையும் சோதிக்கட்டும். தலைக்கவசம் இன்றி வாசற்படி தாண்ட விடாதீர்கள். மலைப்பாதையாயின், காற்று புகாத மேலங்கி ஒன்றும் உலர்ந்த உள்ளாடை ஒன்றும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கட்டும் உம்மா. ஒன்றும் இல்லாவிடில், சில செய்தித்தாள்களை மடித்துச் சட்டைக்குள் மார்பின்மீது வைத்துக்கொண்டு இறங்குவது ஐரோப்பிய மலைகளில் நெடுங்காலம் வழங்கிய எளிய முறை. குளிர்காற்றை அது தடுக்கும். பசி எடுக்குமுன் உண்ண வேண்டும். பேரீச்சம்பழம், வாழைப்பழம், கடலைமிட்டாய் போன்றவை கைவசம் இருக்கட்டும். வயிற்றில் உணவில்லாதவனைக் குளிர் எளிதில் வெல்லும். தனியே செல்லாமல் துணையுடன் செல்ல வேண்டும். துணைவரின் பேச்சுக் குழறினாலோ, நடுக்கம் மிகுந்து கைகள் சொன்னபடி கேட்காவிட்டாலோ, அந்த இடத்திலேயே நிறுத்தி, ஈர ஆடையைக் களைந்து, உலர்ந்த ஆடையும் சூடான பானமும் கொடுத்து, மருத்துவ உதவி நாட வேண்டும். அப்போது கால எல்லையைப் பார்க்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, முடிக்காமல் திரும்பி வரும் பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்னும் அச்சம்தான், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவிடாமல் இளைஞர்களை ஆபத்தில் தள்ளுகிறது. தேர்வில் தோற்று வந்தாலும், வெளிநாட்டு வேலை ஒத்துக்கொள்ளாமல் இடையில் திரும்பி வந்தாலும், தொடங்கிய வாணிபத்தை மூடிவிட்டு வந்தாலும் இதுவே பொருந்தும். வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று அறிந்தவன்தான் வெளியே துணிவுடன் செல்வான். நலிந்தபோது தயங்காமல் திரும்பியும் வருவான். நலம் பெற்று மீண்டும் புறப்படுவான். அன்று லியேஜில் முடிக்காத 153 பேரும் இப்படித்தான். அவர்களுள் பலர் பின்னாளில் எத்தனையோ பந்தயங்களை முடித்தனர்.

ஆகவே நேயர்களே, உங்கள் வாழ்விலும் பனி பொழியும் நாள் வந்தால் முழுத் தொலைவையும் எண்ணி மலைக்காதீர்கள். அடுத்த ஊர் வரை செல்லுங்கள். அங்கே நின்று, உடன் வருபவரிடம் கலந்து பேசி, இது மிதித்தால் தீரும் குளிரா, மிதித்தால் வளரும் காயமா என்று ஆராயுங்கள். விடை எதுவாயினும் அதை ஏற்று நடக்கும் துணிவைப் பெறுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.